பாட்டிலை மறுத்த மகளும் ஏழு குவளைகளும்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் குழந்தைக்கான குவளைகள் ஏழு இருக்கின்றன. மகள் ஐந்தரை மாதக் குழந்தையாக இருந்தபோது முதல் குவளை வீட்டுக்கு வந்தது. எட்டாம் மாதம் முடிவதற்குள் ஏழாவதும் வந்துவிட்டது. அவற்றில் அவள் நாள்தோறும் குடிப்பதற்கு ஏற்றுக்கொண்டது ஒன்றைத்தான். மற்றவற்றை வாங்கியது வீண் என்று நான் நினைக்கவில்லை என்றாலும், எதை வாங்குகிறேன் என்று யோசிப்பதற்கு முன்பு எதை அவள் மறுக்கிறாள் என்று யோசித்திருந்தால் மூன்றோடு நின்றிருக்கும். பால்பாட்டிலைத் தொடவே மறுக்கும் குழந்தைக்கு முதல் சிப்பரைத் தேடிக்கொண்டிருக்கும் வேறொரு தாய்க்கோ தந்தைக்கோ உதவக்கூடும் என்பதால் அந்த மூன்று மாதங்களை எழுதி வைக்கிறேன்.

மகள் பிறந்த நாலாவது வாரத்தில் ஒருநாள், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை பாட்டிலில் ஊற்றி நான் கொடுத்தபோது அவள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் குடித்து முடித்தாள். இரண்டு முறை அப்படிக் குடித்துவிட்டாள் என்ற நிம்மதியில் பாட்டிலைக் கழுவி உள்ளே வைத்தோம். அதன்பின் நாலரை மாதம் வரை அதை நாங்கள் வெளியே எடுக்கவே இல்லை. எங்கள் முதல் தவறு அதுதான். பிறந்த குழந்தைக்குச் சப்புவது அனிச்சைச் செயல். அண்ணத்தில் எது பட்டாலும் வாய் தானாகச் சப்பத் தொடங்கிவிடும். ஏறத்தாழ நான்கு மாத அளவில் அந்த அனிச்சை தணிந்து, சப்புவதா வேண்டாமா என்பது குழந்தையின் விருப்பத்துக்கு உட்பட்டதாகிவிடுகிறது. நாங்கள் மறுபடி பாட்டிலை எடுத்தபோது எதிரே இருந்தவள் பழைய குழந்தை அல்லள், கருத்துள்ள ஒருத்தி. ரப்பர் காம்பு உதட்டில் பட்டதும் முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பி, வீடு அதிர அழுதாள்.

அடுத்து எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். நான்கு வகைக் காம்புகளை வாங்கினோம்: அகன்றது, ஒடுங்கியது, மெதுவாகப் பால் வருவது, தாயின் மார்பைப் போலவே இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தது. நான்குக்கும் ஒரே வரவேற்புத்தான் கிடைத்தது. மனைவியின் விடுப்பு முடிய மூன்று வாரங்களே இருந்தன. பசித்தால் குடிப்பாள் என்று சிலர் சொன்னதை நம்பி ஒருநாள் காலை ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அவள் குடிக்கவில்லை. அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். பட்டினி போட்டுப் பழக்கும் அந்த வழியை நாங்கள் மறுபடி முயலவில்லை; யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

குழந்தை மருத்துவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் விஷயம் நகர்ந்தது. பாட்டிலை மறுக்கிறாள் என்று நாங்கள் சொன்னதும், "பாட்டிலில் எதை மறுக்கிறாள்?" என்று அவர் கேட்டார். காம்பையா, உள்ளே இருக்கும் பாலையா, கொடுக்கும் ஆளையா, வைத்துக்கொள்ளும் விதத்தையா என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பாட்டிலைப் பழக்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றார். ஆறு மாத அளவில் குவளையை அறிமுகப்படுத்தலாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. பாட்டில் பழகிய குழந்தைகளுக்கும் ஒரு வயதைத் தாண்டியதும், அதிகம் போனால் ஒன்றரை வயதுக்குள், அதை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். அப்படியானால் சில மாதங்களுக்குப் பின் பிடுங்கப் போகும் ஒரு பொருளை இப்போது அழ அழத் திணித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்கு சோதனைகளையும் செய்தோம். அன்று காலை பீய்ச்சிய பாலைக் கரண்டியில் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் விழுங்கியவள், உறைபெட்டியில் இருந்து எடுத்து இளக்கிய பாலைக் கரண்டியில் கொடுத்ததும் துப்பினாள். நானே அதை நக்கிப் பார்த்தேன். சோப்பு கரைத்த தண்ணீரைப் போல ஒரு வாடை இருந்தது. தாய்ப்பாலில் இயல்பாகவே இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைப்பதால் சேமித்த பாலில் இந்த மணம் வரக்கூடும் என்றும், பால் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை என்றும், பல குழந்தைகள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார். எங்களுடையவள் பொருட்படுத்தினாள். அதன்பின் சேமிக்க வேண்டிய பாலை மட்டும், பீய்ச்சியவுடன், ஓரங்களில் சிறு குமிழிகள் எழும் அளவுக்குச் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, விரைவாகக் குளிரவைத்து உறையவைத்தோம். சூடாக்கும்போது நோயெதிர்ப்புக் கூறுகளில் கொஞ்சம் குறையும் என்பதால் அன்றன்றே தரும் பாலை அப்படியே கொடுத்தோம்.

அணைத்துக் கிடத்திக் கொடுப்பது அடுத்த சிக்கலாக இருந்தது. பால் குடிக்கும் அந்த நிலையில் வைத்ததுமே அவள் மார்பைத் தேடினாள். கிடைத்ததோ என் சட்டைப் பொத்தான். நிமிர்த்தி, முதுகை என் வயிற்றில் சாய்த்து, உலகத்தைப் பார்த்தபடி உட்கார வைத்ததும் பாதி அழுகை நின்றது. மனைவி வேறு அறைக்குப் போனதும் மீதியில் பாதி நின்றது. எஞ்சியது காம்பு ஒன்றுதான். அதை அவள் எந்த நிலையிலும், யார் கையிலிருந்தும், எந்தப் பாலோடும் ஏற்கவில்லை.

இது தெரிந்த பிறகும் நான் முதலில் வாங்கிய குவளை எது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மென்மையான சிலிகோன் மூக்கு வைத்த சிப்பர். பாட்டிலிலிருந்து மாறும் குழந்தைகளுக்கானது என்று அதன்மேல் தெளிவாக எழுதியிருந்தது. பாட்டிலையே அறியாத குழந்தைக்கு, பாட்டிலை விட்டு மாறுவதற்கான பாலத்தை வாங்கிக் கொடுத்தேன். பார்த்தவுடனேயே வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இரண்டாவது, கடினமான மூக்கும் உள்ளே வால்வும் கொண்ட, கவிழ்த்தாலும் சிந்தாத வகை. கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இதுதான். மகள் அதை நன்றாகக் கடித்தாள், தரையில் தட்டினாள், தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்தாள். ஒரு துளியும் உள்ளே போகவில்லை. அவள் தூங்கிய பின் நானே அதில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சிப் பார்த்தேன். கன்னங்கள் இரண்டும் குழிவிழ இழுத்த பிறகுதான் ஒரு வாய் வந்தது. வால்வு என்பது நடுவே கீறல் போட்ட ஒரு சிலிகோன் தகடு; வெளிப்புறத்தில் வலுவாக வெற்றிடம் உண்டாக்கினால்தான் கீறல் விரியும். அதாவது, பாட்டிலைச் சப்புவதைவிடவும் கூடுதலான உழைப்பைக் கேட்கும் கருவி அது. ரப்பர் காம்பைச் சப்ப மாட்டேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளிடம், சரி, அப்படியானால் இந்தப் பிளாஸ்டிக் மூக்கை இன்னும் பலமாகச் சப்பு என்று நான் கொடுத்திருக்கிறேன்.

சிந்தாத இந்தச் சிப்பரின் வரலாறு சுவையானது. 1980களில் ரிச்சர்ட் பெலாஞ்சர் என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர், நடக்கத் தொடங்கிய தம் மகன் போகுமிடமெல்லாம் பழச்சாற்றைச் சிந்திக்கொண்டே போனதைத் துடைத்துச் சலித்து இதை உருவாக்கினார் என்பார்கள். ஆக, இந்தக் குவளை தீர்க்க வந்த சிக்கல் துடைப்பவருடையது, குடிப்பவனுடையது அன்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தரையைத் துடைப்பவனும் மனிதன்தான். ஆனால் நான் எந்தச் சிக்கலுக்குத் தீர்வு வாங்குகிறேன் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. இந்த வரலாறெல்லாம் தெரியாத என் மாமியார், அந்த வாரமே, நான் சிந்தாத வகையில் இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை, குவளை பாப்பாவுக்கா, தரைக்கா?" என்று கேட்டார்.

வால்வைக் கழற்றிவிட்டுக் கொடுத்தோம். அப்போது வேறொரு தொல்லை வந்தது. அந்த மூக்கின் துளைகள் வால்வு இருப்பதை எண்ணி வைக்கப்பட்டவை. வால்வு இல்லாதபோது பால் மடைதிறந்தாற்போல வந்து அவளுக்குப் புரையேறியது. இரண்டாம் முறை அதே குவளையைக் கண்டதும் பயந்தாள். வால்வைக் கழற்றினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். கழற்றிய பின் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கழுவுதொட்டியின் மேல் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். துளித்துளியாகச் சொட்ட வேண்டும். கம்பியாக ஒழுகினால் அந்தக் குவளை அந்த வயதுக்கு ஆகாது.

மனைவி வேலைக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. நான் இரண்டு மாத விடுப்பு எடுத்திருந்தேன். கையில் சரியான சிப்பர் இல்லை. வேறு வழியில்லாமல்தான் மூடியே இல்லாத சின்னக் குவளைக்குப் போனோம்: 60 மில்லி பிடிக்கும், விளிம்பு மழுங்கலாக இருக்கும், ஒருபக்கம் சாய்ந்த சிலிகோன் குவளை. இவ்வளவு சிறிய குழந்தை குவளையில் குடிக்குமா என்று எனக்கு ஐயம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்து இன்னும் சப்பத் தெரியாத குழந்தைகளுக்கே மருத்துவமனைகளில் குவளையால் பால் புகட்டுகிறார்கள் என்றும், தாயிடம் நேராகக் குடிக்க இயலாத குழந்தைக்குப் பாட்டிலைவிடக் குவளையையும் கரண்டியையும் உலக சுகாதார நிறுவனம் விரும்புகிறது என்றும் மருத்துவர் சொன்ன பிறகே துணிந்தேன். பாட்டிலின் மூலைமுடுக்குகளைவிடத் திறந்த குவளையைச் சுத்தமாக வைத்திருப்பது எளிது என்பது அதற்கு ஒரு காரணம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும். பசி இருக்க வேண்டும், ஆனால் பசியால் அழும் நிலைக்குப் போயிருக்கக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கைகள் குவளையைத் தட்டிவிடாதபடி ஒரு துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். குவளையின் விளிம்பைக் கீழுதட்டின் மேல் மெல்ல வைத்து, பால் விளிம்புவரை வந்து உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாய்க்குள் ஊற்றவே கூடாது. ஊற்றினால் புரையேறும், அதைவிட, குழந்தையின் நம்பிக்கை போய்விடும். பால் உதட்டில் பட்டதும் நாக்கு வெளியே வந்து நக்கும். நக்கிய பிறகு குழந்தை நிறுத்தினாலும் குவளையை எடுக்காமல், சாய்வை மட்டும் குறைத்து, உதட்டிலேயே வைத்துக் காத்திருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு தானே மறுபடி தொடங்கும். முதல் நாள் எங்கள் வீட்டில் அவள் பூனைக்குட்டியைப் போல நக்கினாள். நான்காம் நாள் உதட்டைக் குவித்து ஒரு மிடறு உறிஞ்சினாள். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

சிந்தியது உண்மை. நிறையவே சிந்தியது. பீய்ச்சிய தாய்ப்பால் கழுத்துத் துணியில் ஊறுவதைப் பார்க்கும்போது, அதை எடுக்க மனைவி அலுவலகத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தாள் என்ற கணக்கு மனத்தில் ஓடும். அதனால் ஒரு நேரத்தில் 20 மில்லிக்கு மேல் குவளையில் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். வாய் படாத பாலோ 25 பாகை வெப்பத்துக்குள் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாளும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மீதி பிழைக்கும்.

எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாததுதான் என்னை மிகவும் வாட்டியது. இதற்கு நான் கண்ட வழியைக் கேட்டு மனைவி சிரித்தாலும், எனக்கு அது தூக்கம் தந்தது. சமையலறைத் தராசில் கழுத்துத் துணியை உலர்ந்த நிலையில் ஒருமுறை நிறுத்து, பால் கொடுத்து முடித்தபின் ஈரத்தோடு மறுபடி நிறுத்தேன். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லி. முதல் நாள் ஊற்றிய 60 மில்லியில் குவளையில் தங்கியது 14, துணியில் 29. உள்ளே போனது 17. பத்தாம் நாள் துணியில் 9 மில்லிதான் இருந்தது. அதன்பின் நிறுப்பதை நிறுத்திவிட்டேன்; நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீரில் நன்றாக நனைந்த துணி மாற்ற வேண்டியிருந்தால் கவலை இல்லை என்று மருத்துவர் சொன்ன எளிய கணக்கே போதுமாக இருந்தது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகலில் குவளையில் குறைவாகக் குடித்ததை அவள் இரவில் தாயிடம் ஈடுகட்டினாள். மாலை மனைவி கதவைத் திறந்த நிமிடத்திலிருந்து விடியும்வரை அடிக்கடி குடித்தாள். பாட்டிலை மறுக்கும் குழந்தைகளிடம் இது வழக்கமாகக் காணப்படுவது. வளர்ச்சிக்கு ஊறு இல்லை. ஆனால் அந்த ஆறு வாரங்களில் என் மனைவி முழுதாகத் தூங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. குவளைப் பயிற்சி வெற்றி என்று நான் எழுதும்போது, அந்த வெற்றியின் விலையை யார் கொடுத்தார் என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதும் தண்ணீர் கொடுக்கலாம் என்றானது. அதற்கு முன்பு தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு வயதுவரை நாளொன்றுக்கு 120 முதல் 240 மில்லித் தண்ணீருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு மேல் போனால் வயிற்றில் பாலுக்கு இடமிருக்காது. எங்களுக்கோ, தண்ணீர் வந்தது பெரிய விடுதலையாக இருந்தது. சிந்தினால் மனம் வலிக்காத ஒரு பொருள் கிடைத்துவிட்டதே! புதிய குவளை எதுவாக இருந்தாலும் முதலில் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரோடு அறிமுகப்படுத்தி, கை பழகிய பின்பே பாலை அதில் ஊற்றினோம்.

இப்போதுதான் எந்த மாதிரிச் சிப்பர் வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகியிருந்தது. திறந்த குவளையில் அவள் எப்படிக் குடிக்கிறாளோ, அதே வாயசைவில் குடிக்கக்கூடியதாக, ஆனால் அவளே கையில் பிடித்தால் மொத்தமும் மடியில் கொட்டாததாக இருந்தால் போதும். வால்வு இருக்கக் கூடாது. மூக்கு நீளமாக இருக்கக் கூடாது. நீண்ட கெட்டியான மூக்கு நாக்கின் நுனியைக் கீழே அழுத்தி வைத்துக்கொள்வதால், விழுங்கும்போது நுனி மேலே எழும் முதிர்ந்த பழக்கம் வருவதற்கு அது துணைசெய்யாது என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். துளைகள் சிறியனவாக, இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். ஆறேழு மாதக் குழந்தை எதையும் இரு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறது. வெறும் குவளையின் எடையைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பிய எவர்சில்வர் சிப்பர் பல ஆண்டு உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் ஊற்றியதும் மகளால் அதைத் தூக்கவே முடியவில்லை, தூக்கிய ஒருமுறை தன் மூக்கிலேயே போட்டுக்கொண்டாள்.

பொருளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். சூடு தாங்கும், இலேசானது. 7 என்பது மற்றவை என்ற தொகுப்பு, அதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சிலவகைப் பிளாஸ்டிக்கில் சேரும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் இல்லாதது என்று பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் பால்பாட்டில்களில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன, அமெரிக்க விதி சிப்பர்களையும் சேர்த்தே சொல்கிறது. இருக்கவே கூடாத ஒன்று இல்லை என்று சொல்வது தனிச் சிறப்பாகாது.

நான் கறாராக இருப்பது கழுவும் விஷயத்தில்தான். சிந்தாத அந்தச் சிப்பரைப் பிரித்தால் ஏழு துண்டுகள் வந்தன. ஒருநாள் வால்வை விரலால் மடக்கிப் பார்த்தபோது மடிப்பின் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஒவ்வொரு நாளும் கழுவியிருந்தேன். ஆனால் அந்த மடிப்பைத் திறக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. பாலின் கொழுப்பு படிந்த ஈரமான இடுக்குக்கு வேறென்ன வரும்? அதிலிருந்து, மூடியிலிருந்து வாய்வரை பால் பயணப்படும் வழி முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலோ சிறு தூரிகையோ அங்கே போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். கடையில் குவளையைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு பிரித்துப் பார்ப்பவனாக மாறிவிட்டேன். விற்பனையாளர்கள் இதை விரும்புவதில்லை.

இப்படித் தேடிக் கிடைத்த ஆறாவது குவளைதான் நின்றது. மஞ்சள் மூடி, குட்டையான அகன்ற மூக்கு, அதில் மூன்று சிறு துளைகள், இரண்டு கைப்பிடிகள், உள்ளே எதுவும் இல்லை. மொத்தம் இரண்டே துண்டுகள். ஏழாம் மாதத்தின் முதல் வாரத்தில், சாப்பாட்டு நாற்காலியில், அரைக்குவளைத் தண்ணீரோடு அவள்முன் வைத்துவிட்டு நான் என் டம்ளரில் தண்ணீர் குடித்தேன். குழந்தைக்குக் குடிக்கக் கற்றுத்தரும் வேலையில் பாதியை நாம் குடிப்பதைப் பார்ப்பதே செய்துவிடுகிறது என்பது என் எண்ணம். என்னைப் பார்த்தாள், கைப்பிடிகளைப் பற்றினாள், சாய்த்தாள். சொட்டியதை நக்கினாள். பின்பு குவளையைத் தலைக்குமேல் தூக்கித் தன்மேலேயே சொட்ட வைத்துக்கொண்டு மகிழ்ந்தாள். ஒரு வாரத்தில் தண்ணீரும், மறு வாரத்தில் பாலும் அதில் போயின.

மற்ற இரண்டு வகைகளையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பைச் சுற்றி எங்கு வாய் வைத்தாலும் குடிக்கலாம் என்ற வகையில், மேலுதட்டால் ஒரு சிலிகோன் வட்டை அழுத்திக்கொண்டே உறிஞ்ச வேண்டும். ஏழு மாதத்தில் அவளுக்கு அது புதிராக இருந்தது, ஒரு வயதுக்குப் பின்பு விளையாட்டாகக் குடித்தாள். ஸ்ட்ரா வைத்த குவளையை எட்டாம் மாதத்தில் கொடுத்தோம். அதற்கு ஒரு சிறு உத்தி இருக்கிறது: ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு மேல்நுனியை விரலால் அடைத்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அப்படியே குழந்தையின் வாயில் வைத்து, உதடுகள் மூடியதும் விரலை எடுத்தால் தண்ணீர் நாக்கில் இறங்கும். சில முறைக்குப் பின் உதடு மூடினால் தண்ணீர் வரும் என்று தெரிந்து குழந்தை தானே இழுத்துப் பார்க்கும். மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். சப்பவே மாட்டேன் என்றவள் ஸ்ட்ராவை எப்படி உறிஞ்சினாள் என்று நான் வியந்தேன். உதட்டுக்குள் ஒரு விரற்கடை மட்டும் போகும் மெல்லிய குழல் அவளுக்குக் காம்பை நினைவூட்டவில்லை போலும். வெளியே போகும்போது இதைத்தான் எடுத்துப் போகிறோம். பாலுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதில்லை. குழலைத் தேய்க்கும் நீளத் தூரிகையோடு இரவில் போராட எனக்குப் பொறுமை இல்லை.

அவள் தவழவும் பிடித்து நிற்கவும் தொடங்கிய பிறகு, குவளை சாப்பாட்டு நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வீட்டில் எல்லோரும் கடைப்பிடித்தோம். அமெரிக்காவில் 1991 முதல் 2010 வரையிலான இருபது ஆண்டுகளில் பாட்டில், சூப்பான் (வெறுமனே சப்பக் கொடுக்கும் ரப்பர் காம்பு), சிப்பர் ஆகியவற்றால் காயமடைந்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் 45,000க்கும் மேல் என்று 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வாயில் அதை வைத்துக்கொண்டே நடந்து விழுந்தவர்கள். படுக்கைக்கும் குவளை போவதில்லை. பாலைச் சிறிது சிறிதாக இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் புதிதாக முளைத்த பற்கள்தாம் முதலில் கெடும்.

பதின்மூன்றாம் மாதத்தில் நான் கைதவறிப் போட்டதில் அந்தக் குவளையின் அடிப்பாகம் விரிசல் விட்டது. அன்றே அதே குவளையை வாங்கி வந்தேன். அளவு, மூக்கு, துளை, கைப்பிடி எல்லாம் ஒன்றுதான், மூடி மட்டும் நீலம். மகள் அதை வாங்கிப் பார்த்தாள், என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். மறுநாளும் அப்படியே. என் மாமியார் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறையை விட்டுப் போனார். குப்பையில் போட எடுத்து வைத்திருந்த பழைய குவளையிலிருந்து மஞ்சள் மூடியைக் கழற்றி, வெந்நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, புதியதின்மேல் திருகிக் கொடுத்தேன். மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.